தேர்வில் தோற்ற ஆசிரியர்



விலங்கியல் வகுப்பில் ரெக்கார்டு நோட்டில் நாலு கட்டம் போட்டு, பெரிய எழுத்தும் சின்ன எழுத்துமாக நிரப்பி, 3:1 என்று விடை எழுதினோமே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கட்டம் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த புன்னெட் போட்டுக் கொடுத்தது. கணக்கு மட்டும் கிரிகர் மெண்டலுடையது. பின்னாளில் நானும் வாத்தியாராகி, பல வருஷம் அதே பாடத்தை நடத்தினேன். அதனாலேயே இந்த மலரில் அவரைப் பற்றி எழுத ஆசை.

1822-ல் அன்றைய ஆஸ்திரியப் பேரரசின் ஒரு சிற்றூரில் விவசாயி வீட்டில் பிறந்தவர். இயற்பெயர் யோஹான். அப்பா வேலை செய்ய முடியாமல் போனபோது, தங்கை தெரேசியா தன் சீதனத்தில் ஒரு பங்கைக் கொடுத்து அண்ணனைப் படிக்க வைத்தாள். அதை அவர் மறக்கவில்லை. பிற்காலத்தில் தங்கை பிள்ளைகளின் படிப்புக்கு அவரே கைகொடுத்தார். 1843-ல் ப்ரூன் நகரத்து (இன்று செக் நாட்டின் பர்னோ) துறவி மடத்தில் சேர்ந்து கிரிகர் ஆனார்.

பள்ளியில் தற்காலிக ஆசிரியர் வேலை கிடைத்தது. நன்றாகவே நடத்தினார். ஆனால் நிரந்தரமாக வேண்டுமென்றால் தேர்வு எழுதியாக வேண்டும். 1850-ல் எழுதினார், பெயில்! அதிலும் நம்ம விலங்கியலில்தான் சறுக்கினார் என்றால் நம்புவீர்களா?

அந்தத் தோல்விதான் அவருக்கு வாசலைத் திறந்தது. முறையாகப் படித்து வரட்டும் என்று மடம் அவரை வியன்னா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியது. 1851 முதல் 1853 வரை அங்கே டாப்ளரிடம் இயற்பியலும், உங்கரிடம் தாவரவியலும் கற்றார். கணிதமும் படித்தார். செடியைப் பார்த்து வர்ணிப்பதோடு நிற்காமல், எண்ணிக் கணக்குப் போடும் பழக்கம் அங்கேதான் உறுதிப்பட்டது.

திரும்பி வந்து ப்ரூன் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே மடத்துத் தோட்டத்தில் பட்டாணி விதைத்தார். 34 ரகங்களைச் சோதித்து 22-ஐ வைத்துக்கொண்டார். முதிராத மொட்டைப் பிரித்து, மகரந்தத்தாள்களை இடுக்கியால் நீக்கி, வேறு செடியின் மகரந்தத்தைத் தூவுவார். உருண்டை விதையையும் சுருங்கிய விதையையும் கலந்தபோது முதல் தலைமுறை முழுக்க உருண்டை. அவற்றைத் தம்மில் தாமே சேரவிட்டால், அடுத்த தலைமுறையில் 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். காணாமல் போன குணம் அழியவில்லை, ஒளிந்திருந்தது!

இங்கேதான் என் மாணவர்கள் எப்போதும் தடுமாறுவார்கள். நாலு பிள்ளை என்றால் மூன்று இப்படி, ஒன்று கட்டாயம் அப்படி என்று எழுதிவிடுவார்கள். கட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஒவ்வொரு பிறப்புக்கும் தனித்தனியாக நாலில் ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். முதல் மூன்றையும் பார்த்து நாலாவது முடிவு செய்வதில்லை. நாலு விதையில் தெரியாத உண்மை ஏழாயிரம் விதையில் தெரியும். மெண்டல் 1863 வரை எட்டு வருஷம் பொறுமையாக எண்ணியது அதற்காகத்தான்.

நடுவில் 1856-ல் மறுபடி ஆசிரியர் தேர்வுக்குப் போனார். அதுவும் கைகூடவில்லை, உடம்பும் கெட்டது. அதனால் 1868-ல் மடாதிபதி ஆகும்வரை அந்தப் பள்ளியில் தற்காலிக ஆசிரியராகவே இருந்தார். 1865-ல் உள்ளூர் அறிவியல் கழகத்தில் ஆய்வைப் படித்தார், மறு வருஷம் அச்சிலும் வந்தது. பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. பேராசிரியர் நேகேலியிடமிருந்து கடிதங்கள் வந்தன, ஆனால் அவருக்கும் அதன் அருமை புரியவில்லை. கடைசி வருஷங்கள் மடத்து வரி வழக்கிலேயே கரைந்தன. 1884 ஜனவரி 6-ல் காலமானார். 1900-ல் டி விரிஸ், காரன்ஸ், ஷெர்மாக் ஆகிய மூவர் அவரவர் ஆய்வில் அதே விகிதத்தைக் கண்ட பிறகுதான் உலகம் விழித்தது.

ஆசிரியராகத் தகுதியில்லை என்று தீர்ப்புப் பெற்றவர், இன்று உலகத்து உயிரியல் வகுப்புகளில் எல்லாம் பாடமாக இருக்கிறார். நம்மிலும் அரியர்ஸ் வைத்தவர்கள் உண்டு. இப்போது நம் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் மார்க் ஷீட்டோடு வந்து தலைகுனிந்து நிற்கிறார்கள். ஒரு தேர்வை வைத்து ஒரு பிள்ளையைக் கணிக்கும் முன், அந்தப் பட்டாணித் தோட்டத்தைக் கொஞ்சம் நினைத்துக்கொள்வோம்.