மேலிமை தொங்குதல்: அரிஸ்டாட்டில் ஒனாசிஸின் வாழ்க்கை உணர்த்துவது

உங்களுக்கோ உங்கள் பராமரிப்பில் உள்ளவருக்கோ மேலிமை தொங்குமாயின், அறுவை சிகிச்சைக்கு முன் அதன் காரணத்தை அறிதல் இன்றியமையாதது. கிரேக்கக் கப்பல் அதிபர் அரிஸ்டாட்டில் ஒனாசிஸின் வாழ்க்கை இதனைத் தெளிவாக உணர்த்துகிறது.

வாழ்க்கை

ஒனாசிஸ் 1906-ஆம் ஆண்டு ஸ்மிர்னா நகரில் பிறந்தார். அது இன்று துருக்கியின் இஸ்மிர் நகரமாகும். 1922-இல் துருக்கியப் படைகள் அந்நகரைக் கைப்பற்றியபின் அவரது குடும்பம் அகதிகளாகக் கிரேக்கம் சென்றது. 1923-இல் அர்ஜென்டினாவில் குடியேறிய அவர், புகையிலை வணிகத்தில் பொருளீட்டிக் கப்பல் தொழிலில் இறங்கினார். உலகின் பெருஞ்செல்வர்களுள் ஒருவரானார். 1968-இல் ஜாக்குலின் கென்னடியை மணந்தார். 1973 ஜனவரியில் அவருடைய மகன் அலெக்சாண்டர் விமான விபத்தில் உயிரிழந்தார்.

நோய்

இறுதி ஆண்டுகளில் ஒனாசிஸின் மேலிமைகள் தாமாகவே தாழ்ந்தன. பிளாஸ்திரி ஒட்டி அவற்றை உயர்த்திக்கொண்டார். ஆயினும் குறை இமையில் இல்லை. அவருக்கு இருந்தது மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் நோய். இதில் உடலின் எதிர்ப்புப் பொருள்களே, நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் சமிக்ஞையைத் தடுக்கின்றன. பெரும்பாலும் கண்களில் தொடங்கும் இந்நோய் விழுங்குதலையும் சுவாசத்தையும் பாதிக்கக்கூடும். ஒனாசிஸ் 1975 மார்ச் 15 அன்று பாரிஸ் அருகிலுள்ள மருத்துவமனையில் காலமானார்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

காலையில் இயல்பாக இருக்கும் இமை மாலையில் தாழ்தல், ஓய்வெடுத்தபின் உயர்தல், பொருள்கள் இரண்டாகத் தெரிதல் ஆகியவற்றை மருத்துவரிடம் கூறுங்கள். இரத்தப் பரிசோதனையும் நரம்பு–தசைப் பரிசோதனையும் நோயறிய உதவும்.

சிகிச்சை

முதுமையில் இமையை உயர்த்தும் தசையின் நாண் தளர்ந்திருந்தால், அதனை இறுக்கிப் பொருத்தும் அறுவை சிகிச்சை செய்யப்படும். பிறவியிலேயே அத்தசை மிகவும் வலுவிழந்திருந்தால், இமையை நெற்றித் தசையுடன் இணைப்பர். இமை அளவுக்கு மீறி உயர்ந்தால் கண் முழுமையாக மூடாது, கருவிழி உலரும். மயஸ்தீனியா நோயாளிகளுக்கு மருந்துகளே முதற்சிகிச்சை. நோய் நிலைபெற்ற பின்னரே அறுவை சிகிச்சை பரிசீலிக்கப்படும்.

உடனடி உதவி

திடீரென இமை தாழ்ந்து, கடும் தலைவலியோ கண்மணி விரிவோ இருந்தாலும், விழுங்கவோ மூச்சுவிடவோ இயலாவிட்டாலும் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மயஸ்தீனியாவுக்கு இன்று பயனுள்ள சிகிச்சைகள் உள்ளன. முறையாக மருந்து உட்கொள்ளும் பெரும்பாலோர் இயல்பான வாழ்க்கை வாழ்கின்றனர்.