வகுத்த வழியும் வந்த பாட்டும்

நாமக்கல் கவிஞர் என்று நாடு போற்றும் வெ. இராமலிங்கம் பிள்ளை, அன்றைய சேலம் மாவட்டத்து மோகனூரில், காவிரிக் கரையில், 1888 அக்டோபர் 19ஆம் நாள் பிறந்தார். தந்தையார் வெங்கடராம பிள்ளை காவல்துறைப் பணியாளர், தாயார் அம்மணியம்மாள். நாமக்கல்லிலும் கோவையிலும் பள்ளிக் கல்வி பெற்றுத் திருச்சிராப்பள்ளியில் கல்லூரிக் கல்வி பயின்ற இளைஞருக்கு அந்நாளில் வழி தெளிவாக இருந்தது. அரசுப் பணி, மாதச் சம்பளம், முதுமையில் ஓய்வூதியம். நாமக்கல் தாசில்தார் அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்தபோது அவ்வழியில் முதலடி வைத்தார் என்றே எவரும் எண்ணியிருப்பர்.

ஆனால் அவர் அங்கு நிலைக்கவில்லை. சிறிது காலம் பள்ளி ஆசிரியரானார், அதிலும் நிலைக்கவில்லை. தூரிகையே துணையென்று துணிந்தார். ஓவியன் வாழ்வில் அடுத்த மாத வருவாயை இன்றே கணக்கிட இயலாது. 1911ஆம் ஆண்டுத் தில்லித் தர்பாரையொட்டி ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவத்தைத் தீட்டித் தங்கப் பதக்கம் பெற்ற அதே கை, பின்னாளில் அம்மன்னரின் ஆட்சியை எதிர்த்துப் பாட்டெழுதியது. செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் பாரதியாரைக் கண்டதும், அவர் முன் பாடிப் பாராட்டுப் பெற்றதும் முன்னரே வகுத்த திட்டங்கள் அல்ல. வந்ததை ஏற்கும் மனம் அவருக்கு இருந்தது.

இவருக்கு நேர்மாறான இயல்பினர் இராஜாஜி. சேலத்தில் புகழ்பெற்ற வழக்கறிஞர். 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் நிறுவியவர். எதையும் எண்ணித் துணிபவர். 1930ஆம் ஆண்டு வேதாரணிய உப்புப் பயணத்துக்கு அவர் தேர்ந்த நாள் ஏப்ரல் 13. அது தமிழ்ப் புத்தாண்டு நாள். ஜாலியன்வாலா பாக் படுகொலையின் நினைவு நாளும் ஆகும். ஏறத்தாழ நூறு தொண்டர்களைத் தேர்ந்து, திருச்சியிலிருந்து சுமார் 150 மைல் நடக்க வழியும் தங்குமிடங்களும் வகுத்தார்.

அந்தத் திட்டத்தைக் குலைக்கத் தஞ்சை ஆட்சியர் தார்ன் ஓர் ஆணை பிறப்பித்தார். தொண்டர்க்கு உணவோ உறைவிடமோ தருவோர் தண்டிக்கப்படுவர் என்பது அதன் சாரம். அப்போது ஊர் மக்கள் தாமாகவே வழி கண்டனர். சோற்றுப் பொட்டலங்கள் சாலையோர மரக்கிளைகளில் தொங்கின. கொடுத்தவர் யாரென்று அரசுக்குத் தெரியாது, பசித்தவர் உண்டனர். எந்தத் திட்ட ஏட்டிலும் எழுதப்படாத விருந்து அது.

பாட்டும் அத்தகையதே. அப்படை நடந்து பாட இராமலிங்கனார் இயற்றித் தந்த பாடல் தொண்டர் வாயிலிருந்து ஊராரின் வாய்க்குத் தாவியது. நாளையும் பாதையையும் தலைவர் வகுக்கலாம்; மக்கள் நெஞ்சில் ஒரு பாட்டு தங்குவதை எவர் வகுக்க முடியும்? ஆயினும் அப்பாட்டு வெறுமையிலிருந்து பிறக்கவில்லை. அப்போது கவிஞருக்கு வயது 41. ஆண்டுக்கணக்கில் கோடு இழுத்துப் பழகிய கை, யாப்பில் தோய்ந்த செவி, காங்கிரஸ் பணியில் ஊர் ஊராய் அலைந்த கால்கள் ஆகிய மூன்றும் அதன் பின்னே நின்றன. அவர் வாழ்க்கையைத் திட்டமிடாதவரே தவிர, தொழிலில் பயிற்சியை ஒருநாளும் கைவிட்டவர் அல்லர்.

1932இல் ஓராண்டுச் சிறை நேர்ந்தது. நாடு விடுதலை பெற்றபின், 1949இல் சென்னை மாநிலத்தின் அரசவைக் கவிஞரானார். சட்ட மேலவை உறுப்பினரானார். 1971இல் பத்மபூஷண் விருது பெற்றார். அவர் எழுதிய மலைக்கள்ளன் புதினம் 1954இல் திரைப்படமானது. 1972 ஆகஸ்ட் 24இல் மறைந்தார். எழுத்தர் பணியை விட்டு விலகியவரின் பெயரைச் சென்னைத் தலைமைச் செயலக வளாகத்துப் பத்து மாடிக் கட்டடம் தாங்கி நிற்கிறது!

பத்தாண்டுகளாகக் கூடிக் கவிதை பயிலும் நம் வட்டத்தாருக்கு இவ்வாழ்வு உரைப்பது ஒன்று உண்டு. கூடும் நாளை நாம் குறிக்கலாம், குறிக்கவும் வேண்டும். கவிதை வரும் நாளைக் குறிக்க இயலாது. அது வரும்போது நம் கை பழகியிருக்க வேண்டும் என்பதொன்றே நம் பொறுப்பு.