கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன்

நகைப்பூட்டுவோரைச் சான்றோர் வரிசையில் வைத்தெண்ணும் வழக்கம் நம்மவரிடத்து மிகுதியாக இல்லை. ஆயினும் மக்கள் மனத்தில் நெடிது குடியிருப்போர் பெரும்பாலும் அவர்களே. கொடைக்கானலுக்கு மேற்கே பூம்பாறையும் மன்னவனூரும் கடந்து செல்லும் எம் கவுஞ்சியிலும், உருளைக்கிழங்குக் காட்டு வேலை முடித்து மீளும் இளைஞர், கைப்பேசியிலே அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களைக் கண்டு, அவற்றில் வரும் மாந்தரைத் தம் உற்றார்போல் பேர் சொல்லிப் பேசுகின்றனர். அவ்வகைத் தொடர்களுள் தொன்மையும் பெரும்புகழும் வாய்ந்தது, லூசில் பால் என்னும் நடிகையார் தம் கணவர் டெசி அர்னாசோடு நடித்து, 1951 முதல் 1957 வரை ஒளிபரப்பான ‘ஐ லவ் லூசி’. கணவனும் மனைவியுமாக நின்று நாடு முழுதையும் நகைக்கச் செய்யும் அத்தொழிலை, அவர்க்குப் பதினைந்து ஆண்டு முன்னரே தமிழ்நாட்டில் தொடங்கியோர் என். எஸ். கிருஷ்ணனும் டி. ஏ. மதுரமும் ஆவர்.

கிருஷ்ணன் 1908-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள், அந்நாளில் திருவிதாங்கூரைச் சார்ந்திருந்த நாகர்கோவிலின் ஒழுகினசேரியில், சுடலைமுத்துப் பிள்ளைக்கும் இசக்கியம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். வறுமை அவரது பள்ளிப்படிப்பை இளமையிலேயே நிறுத்திற்று. நாடகக் கொட்டகையிலே சோடா விற்ற சிறுவர், பின்னர் அவ்வரங்கின்மேலேயே ஏறினார். வில்லுப்பாட்டும், டி. கே. எஸ். சகோதரரின் நாடகக் குழுவும் அவர்க்குக் கல்லூரியாயின.

1936-இல் வெளிவந்த ‘சதி லீலாவதி’ படத்தில் நடித்தார். அதனை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன், ஓகையோ நாட்டினின்று வந்த அமெரிக்கர், தமிழ் அறியாதவர். அவ்வாண்டிலேயே ‘வசந்தசேனா’ படப்பிடிப்பின்பொருட்டுப் புனே சென்றபோது மதுரத்தைக் கண்டு, பின்னர் மணந்தார். பிறர் எடுக்கும் படங்களுக்கு இருவரும் நகைச்சுவைப் பகுதியைத் தாமே தனியாக அமைத்துக் கொடுப்பர். முதற்கதை மறந்துபோயினும் இவர் காட்சி மறவாதார் பலர். குடி, மூடநம்பிக்கை, சாதிச்செருக்கு ஆகியவற்றை அவர் நகைத்தார். அவற்றில் அகப்பட்ட ஏழையை நகைத்தாரல்லர். இவ்வேறுபாடு சிறிதன்று. நந்தனார் சரித்திரத்தைத் தழுவி, ஒடுக்கப்பட்ட சிறுவனொருவன் கல்வி பெற்று உயர்வதைக் கூறும் ‘கிந்தனார்’ காலட்சேபமே இதற்குச் சான்று.

புகழின் உச்சியிலே இடி விழுந்தது. நடிகரைப்பற்றி இழிவாக எழுதிவந்த பத்திரிகையாளர் இலட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் கொலையுண்டார். அவ்வழக்கில் எம். கே. தியாகராஜ பாகவதரும் கிருஷ்ணனும் சிறைப்பட்டு, 1945-இல் வாழ்நாள் தண்டனை பெற்றனர். சென்னை உயர்நீதிமன்றமும் முதலில் கைவிட்டது. இலண்டன் பிரிவி கவுன்சில் மறுவிசாரணைக்கு வழிசெய்ய, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையாயினர். இடைப்பட்ட காலத்தில் நாடகக் குழுவைச் சிதையாமற் காத்தவர் மதுரமே. இவ்வம்மையார்க்கு உரிய புகழை நாம் இன்னும் முழுதும் கொடுத்தோமில்லை என்பது எம் கருத்து.

பாகவதர் பழைய நிலையை மீண்டும் எய்தவில்லை. கிருஷ்ணனோ, சிறையினின்று வந்த அவ்வாண்டிலேயே கலைவாணர் என்னும் பட்டம் பெற்றார். 1949-இல் அண்ணாதுரை எழுதிய ‘நல்லதம்பி’யில் நடித்தார்; அதன் கதை, 1936-இல் வந்த அமெரிக்கப் படமொன்றைத் தழுவியது. அவரே இயக்கிய ‘மணமகள்’ 1951-இலும், ‘பணம்’ 1952-இலும் வந்தன. காந்தியடிகள் மறைந்தபின் நாகர்கோவிலில் தம் செலவிலே நினைவுத்தூண் நிறுவினார்.

1957-ஆம் ஆண்டுத் தேர்தலிலே காஞ்சிபுரத்தில் அண்ணாதுரைக்காகப் பேசியவர், எதிர்த்து நின்ற மருத்துவரின் கைராசியையே நெடுநேரம் புகழ்ந்தாராம். கேட்டோர் திகைத்தனர். முடிவில், இத்தகைய நல்ல வைத்தியரைச் சென்னைக்கு அனுப்பிவிட்டு நோய் வந்தால் யாது செய்வீர், ஆதலின் அவரை இங்கேயே வைத்துக்கொண்டு அண்ணாதுரையை அனுப்புங்கள் என்று முடித்தார். எதிரியும் புண்படாத வாக்கு வேட்டை இந்நாளில் அரிது.

கேட்டவர்க்கெல்லாம் கொடுத்தார், தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. இதனைப் போற்றாதார் இலர். ஆயின் பின்நின்ற குடும்பத்தின் இன்னலை நினைக்குங்கால், யாம் முழுமனத்தோடு போற்ற இயலாது சற்றே தயங்குகின்றோம். 1957 ஆகஸ்டு 30-ஆம் நாள், நாற்பத்தெட்டாம் வயதிலே சென்னையில் காலமானார். 1969 பொங்கல் நாளிலே சென்னைத் தியாகராய நகரில் அவர் சிலையைத் திறந்துவைத்தவர், அந்நாளில் முதலமைச்சராய் இருந்த அண்ணாதுரை. நோயால் மிகத் தளர்ந்திருந்தும் அவ்விழாவிற்கு வந்தார். மூன்று வாரத்துள் அவரும் மறைந்தார்.