ராபர்ட் மெக்காரிசன்

சர் ராபர்ட் மெக்காரிசன் (மார்ச் 15, 1878 - மே 18, 1960) அயர்லாந்தில் பிறந்த மருத்துவரும் ஊட்டச்சத்து ஆய்வாளரும் ஆவார். பிரித்தானிய இந்தியாவின் மருத்துவப் பணியில் ஏறத்தாழ 34 ஆண்டுகள் இருந்தார். நீலகிரியிலுள்ள குன்னூரில் இவர் ஓர் அறையில் தொடங்கிய ஆய்வே பிற்காலத்தில் ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது. ஆய்வுக்கூட விலங்குகளை நல்ல முறையில் பேணுவது ஆய்வுக்கு முந்தைய ஆயத்தம் மட்டுமன்று, அதுவே ஆய்வின் ஒரு பகுதி என்பதைத் தம் எலிகளின் மூலம் காட்டியவர் என்றும் இவரைக் குறிப்பிடலாம்.

இளமையும் இந்திய வருகையும்

மெக்காரிசன் இன்று வட அயர்லாந்தில் உள்ள போர்ட்டடவுன் என்னும் ஊரில் பிறந்தார். பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் கல்லூரியில் மருத்துவம் பயின்று 1900 இல் பட்டம் பெற்றார். 1901 இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, தம் 23 ஆவது பிறந்த நாளன்று இந்தியாவுக்குக் கப்பலேறினார். முதலில் வடமேற்கு எல்லையிலுள்ள சித்ராலில் படைப்பிரிவு மருத்துவராகப் பணியாற்றினார். அங்குப் படைவீரர்களை வாட்டிய மூன்று நாள் காய்ச்சலை ஆராய்ந்து, அது மணல் ஈக்களால் பரவுகிறது என்ற கருத்தை முன்வைத்தார்.

பின்னர் கில்கிட் பகுதியின் மருத்துவரானார். அங்கு முன்கழுத்துக் கழலை நோய் மிகுதியாக இருந்தது. ஒரே நீரோடையின் கரையில் அமைந்த எட்டுச் சிற்றூர்களை ஆராய்ந்த அவர், ஓடை கீழிறங்க இறங்க நோயாளிகளின் விகிதம் கூடுவதைக் கண்டார். மேலூர்களின் கழிவு கலந்த நீரையே கீழூர்கள் குடித்தன. இந்நீரை வடிகட்டியபின் எஞ்சிய கசடைத் தாமும் உட்கொண்டு, தன்னார்வலர்களுக்கும் கொடுத்துப் பார்த்தார். சிலருக்குக் கழுத்துச் சுரப்பி வீங்கியது. காய்ச்சிய கசடை உண்டவர்களுக்கு வீக்கம் தோன்றவில்லை. எனவே கிருமியே நோய்க்குக் காரணம் என அவர் எண்ணினார். அயோடின் குறைபாடே இந்நோயின் முதன்மைக் காரணம் என்பது பின்னர் உறுதியானதால் அவரது விளக்கம் முழுமையானதாக நிலைக்கவில்லை. எனினும், விலங்கின்மீது சோதிக்கும் முன் தம் உடலின்மீதே சோதித்துப் பார்த்த துணிவு குறிப்பிடத்தக்கது. 1913 இல் இலண்டனில் இது குறித்து மில்ராய் சொற்பொழிவுகளை நிகழ்த்தினார். அதன்பின் கசௌலி ஆய்வகத்தில் ஆடுகளைக் கொண்டு இந்த ஆய்வைத் தொடர்ந்தார்.

குன்னூரில் ஓர் அறை

முதல் உலகப் போரில் பணியாற்றித் திரும்பிய மெக்காரிசனுக்கு, 1918 இல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ஓர் அறை ஒதுக்கப்பட்டது. வெறிநாய்க்கடிச் சிகிச்சைக்காக 1907 இல் நிறுவப்பட்ட நிலையம் அது. அவருக்கு அளிக்கப்பட்ட பணி பெரிபெரி நோயை ஆராய்வது. கால்கள் மரத்து, வீங்கி, இறுதியில் இதயம் செயலிழக்கும் இந்நோய், இயந்திரத்தில் தீட்டிய அரிசியை முதன்மை உணவாகக் கொண்ட பகுதிகளில் காணப்பட்டது.

இவ்விடத்தில் பெரிபெரி ஆய்வின் பழைய கதையொன்றை நினைவுகூர்வது பொருந்தும். 1890களில் சாவகத் தீவில் கிறிஸ்டியான் எய்க்மான் என்ற டச்சு மருத்துவரின் ஆய்வுக்கூடக் கோழிகள் திடீரென நடக்கவியலாமல் விழுந்தன. சில மாதங்களில் காரணம் தெரியாமலே தேறின. விசாரித்தபோது, அவற்றைக் கவனித்தவர் படை மருத்துவமனைச் சமையலறையில் எஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றை அக்கோழிகளுக்குப் போட்டு வந்ததும், புதிதாக வந்த சமையற்காரர் படையின் அரிசியைப் படையைச் சாராத கோழிகளுக்குத் தர மறுத்ததும் தெரியவந்தன. தவிடு நீக்காத அரிசிக்கு மாறியதும் கோழிகள் பிழைத்தன. எய்க்மானுக்கு 1929 இல் நோபல் பரிசு கிடைத்தது. கூண்டில் இருக்கும் விலங்குக்கு யார், எதை, எங்கிருந்து கொண்டுவந்து போடுகிறார் என்பது அறிவியலின் போக்கையே மாற்றக்கூடும் என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று அரிது.

மெக்காரிசன் குன்னூரில் புறாக்களுக்குத் தீட்டிய அரிசியைக் கொடுத்து, நோயுற்ற பறவைகளின் உள்ளுறுப்புகளை ஒவ்வொன்றாக எடைபோட்டார். நரம்புகள் மட்டுமின்றிப் பெரும்பாலான உறுப்புகள் சுருங்கியிருந்தன. அண்ணீரகச் சுரப்பிகள் மட்டும் பருத்திருந்தன. நாட்டுக் குரங்குகளுக்கு உயர் அழுத்தத்தில் வேகவைத்த அரிசியைக் கொடுத்தபோது அவற்றின் குடல் கெட்டு வயிற்றுப்போக்கு கண்டது. சீமைப்பெருச்சாளிகளைக் கொண்டு ஸ்கர்வி நோயை ஆராய்ந்தார். எலிகள் தம் உடலிலேயே உயிர்ச்சத்து சி யை உருவாக்கிக் கொள்வதால் அவற்றைக் கொண்டு அந்நோயை ஆராய இயலாது. எந்தக் கேள்விக்கு எந்த விலங்கு என்பதை அறிவது இத்துறையின் அடிப்படைப் பாடமாகும். இவ்வாய்வுகளின் தொகுப்பு 1921 இல் நூலாக வெளிவந்தது. 1924 இல் ரோலண்ட் நாரிஸ் என்னும் உயிர்வேதியியலாளருடன் இணைந்து அரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய அறிக்கையை வெளியிட்டார்.

இடையில் 1923 இல் அரசின் சிக்கன நடவடிக்கையால் ஆய்வு மூடப்பட்டு, 1925 இல் மீண்டும் தொடங்கியது. 1928 இல் அது ஊட்டச்சத்து ஆய்வுக்கூடங்கள் என்ற பெயர் பெற்றது. மெக்காரிசன் அதன் முதல் இயக்குநரானார்.

குன்னூர் எலிகள்

மெக்காரிசனின் புகழ் பெரிதும் அவர் வளர்த்த வெள்ளெலிகளைச் சார்ந்தது. ஓர் ஆய்வுக்கூடத்தில் இரு வகை விலங்குகள் உண்டு. ஒன்று சோதனைக்கு உட்படுவது. மற்றொன்று சோதனைக்கான குட்டிகளை ஈனுவதற்காக வளர்க்கப்படும் இருப்புக் கூட்டம். இரண்டாவதைப் பற்றி ஆய்வுக் கட்டுரைகள் பொதுவாக ஓரிரு வரிகளே எழுதும். மெக்காரிசன் அதையே உற்று நோக்கினார்.

இருப்பு எலிகளுக்கு வட இந்தியாவில் சீக்கியர்கள் உண்ணும் உணவையொத்த உணவு கொடுக்கப்பட்டது. சிறிது வெண்ணெய் தடவிய முழுக் கோதுமைச் சப்பாத்தி, முளைகட்டிய கொண்டைக் கடலை, பச்சைக் காரட், பச்சை முட்டைக்கோசு, காய்ச்சாத பால், வாரம் ஒருமுறை எலும்புடன் சிறிது இறைச்சி, தாராளமான நீர் ஆகியன அதில் அடங்கும். கூண்டுகள் தூய்மையாக வைக்கப்பட்டன. படுக்கத் தூய வைக்கோல் இடப்பட்டது. நாள்தோறும் எலிகள் திறந்தவெளி வெயிலில் வைக்கப்பட்டன. இவ்வாறு 1,189 எலிகள் பிறப்பு முதல் 27 மாதங்கள் வரை கவனிக்கப்பட்டன. இது மனிதரின் ஏறத்தாழ 55 வயதுக்கு ஒப்பானது எனக் கணக்கிடப்பட்டது. வளர்ந்த எலிகளில் நோயோ இயற்கை மரணமோ நிகழவில்லை. தற்செயலான சில இறப்புகள் நீங்கலாகக் குட்டிகளும் சாகவில்லை. பின்னர் அவற்றை அறுத்துப் பார்த்தபோதும் குறிப்பிடத்தக்க நோய்க்குறிகள் தென்படவில்லை.

வைக்கோலும் வெயிலுமே இதற்குக் காரணமாக இருக்கலாமே என்ற ஐயம் எழுவது இயல்பு. இதற்கான விடை அருகிலேயே இருந்தது. குறைபாடான உணவு பெற்ற 2,243 எலிகளுக்கும் அதே தூய்மை, அதே வைக்கோல், அதே வெயில், அதே பணியாட்களின் கவனிப்பு கிடைத்தன. அவற்றுக்கோ நுரையீரல் அழற்சி, காது அழற்சி, குடல் நோய்கள், சிறுநீர்ப்பைக் கற்கள், தோல் நோய்கள், குருதிச்சோகை எனப் பல நோய்கள் தோன்றின. பராமரிப்பு சமமாக இருந்ததால்தான் உணவைக் குற்றம் சாட்ட முடிந்தது. ஒரு கூண்டை இரண்டு நாள் கழுவாமல் விட்டிருந்தாலும் இந்த ஒப்பீடு பொருளற்றதாகியிருக்கும். கட்டுரைகளின் முகப்பில் அறிஞர்களின் பெயர்களே உள்ளன. ஆனால் அக்கட்டுரைகளின் நம்பகத்தன்மை, விடியலில் கூண்டைக் கழுவித் தீனி நிறுத்த குன்னூர்ப் பணியாளர்களின் கைகளில் இருந்தது எனலாம்.

மற்றொரு சோதனையில் 20 எலிகளுக்குச் சீக்கிய உணவும், வேறு 20 எலிகளுக்கு இங்கிலாந்தின் ஏழை மக்களின் உணவும் 187 நாட்கள் கொடுக்கப்பட்டன. இரண்டாவது வெள்ளை ரொட்டி, மார்கரின், சர்க்கரையிட்ட தேநீர், தகர டப்பா இறைச்சி, ஜாம், வேகவைத்த காய்கறி முதலியவற்றைக் கொண்டது. முதற்கூட்டம் நன்கு வளர்ந்து இணக்கமாக வாழ்ந்தது. இரண்டாவது கூட்டத்தின் எலிகள் வளர்ச்சி குன்றி, மிரட்சியுடன் பராமரிப்பவர்களைக் கடித்தன. 60 ஆம் நாள் முதல் வலிமையற்ற எலிகளைப் பிற எலிகள் கொன்று தின்னத் தொடங்கின.

ஏழு உணவுகளும் சென்னை மாகாணமும்

தமிழ் வாசகர்களைப் பெரிதும் பாதிப்பது அடுத்த சோதனையாகும். ஒரே அளவான எலிக்குட்டிகளை 20 வீதம் ஏழு கூட்டங்களாகப் பிரித்து, இந்தியாவின் ஏழு வகை உணவுகள் கொடுக்கப்பட்டன. இறுதியில் சராசரி எடை சீக்கிய உணவுக்கு 235 கிராம், பட்டாணியர் உணவுக்கு 230, மராட்டியருக்கு 225, கூர்க்கருக்கு 200, கன்னடருக்கு 185, வங்காளியருக்கு 180, சென்னை உணவுக்கு 155 என அமைந்தது. சென்னை உணவில் அரிசியே மிகுதி. பாலும் கீரையும் காய்கறியும் மிகக் குறைவு. பிறிதொரு சோதனையில் மரவள்ளிக் கிழங்கை மிகுதியாகக் கொண்ட திருவிதாங்கூர் உணவை உண்ட எலிகளில் கால் பங்கிற்கும் மேற்பட்டவற்றுக்கு வயிற்றுப்புண் கண்டது.

இம்முடிவுகளை 1926 இல் அமைக்கப்பட்ட வேளாண்மைக்கான அரச ஆணைக்குழுவின் முன் அவர் எடுத்துரைத்தார். இந்திய மக்களின் உடல் நலிவுக்கு ஊட்டக்குறைவே தலையாய காரணம் என்பது அவரது வாதம்.

எனினும் இப்பட்டியலைச் சற்று எச்சரிக்கையுடனே படிக்க வேண்டும். ஒரு மாகாணம் முழுமைக்கும் ஒரே உணவு என்பது மிகையான எளிமைப்படுத்தலாகும். தஞ்சைச் சமவெளியில் அரிசி முதன்மையானது என்றாலும், தென் ஆற்காட்டின் எலவனாசூர்கோட்டை, உளுந்தூர்ப்பேட்டை போன்ற மானாவாரிப் பகுதிகளில் கம்பும் கேழ்வரகும் வரகும் விளைந்தன. கல்வராயன் மலையில் சாமையும் தினையும் உணவாயின. இச்சிறுதானிய உணவுகள் சென்னைக் கூண்டின் எடையில் இடம்பெறவில்லை. மேலும், மக்களைப் போர்க்குணம் உடையோர், அற்றோர் என்று பிரித்த குடியேற்ற ஆட்சியின் பார்வைக்கு இவ்வரிசை வசதியாகப் பொருந்தியது. பாலும் வெண்ணெயும் கிடைப்பது பழக்கத்தைவிடப் பொருள்வளத்தைச் சார்ந்தது என்பதும் கருதத்தக்கது.

பிற பணிகள்

கோவையின் வேளாண் வேதியியலாளர் பி. விசுவநாத்துடன் இணைந்து, தொழுவுரமிட்ட நிலத்தில் விளைந்த தானியத்தின் ஊட்டத்தை வேதியுரமிட்ட நிலத்தின் தானியத்துடன் ஒப்பிட்டு 1926 இல் கட்டுரை வெளியிட்டார். இயற்கை வேளாண்மை இயக்கத்தினர் பின்னர் இதைப் பெரிதும் எடுத்தாண்டனர். 1928 இல் பள்ளிகளுக்கென உணவு பற்றிய எளிய ஆங்கிலக் கையேடு ஒன்றை எழுதினார். 1932 இல் புள்ளியியலாளர் கே. பி. மாதவாவுடன் கழுத்துச் சுரப்பியைப் பற்றிய விரிவான ஆய்வை வெளியிட்டார். 1933 இல் சர் பட்டம் பெற்றார்.

கில்கிட்டுக்கு வடக்கேயுள்ள ஹுன்சா மக்களின் உடல்நலத்தை இவர் புகழ்ந்து எழுதியது, அங்குள்ளோர் நூறாண்டைத் தாண்டி வாழ்வர் என்ற கட்டுக்கதையாகப் பிறரால் ஊதிப் பெருக்கப்பட்டது.

இறுதிக் காலமும் பின்னரும்

1935 இல் மேஜர் ஜெனரல் நிலையில் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். குன்னூரில் அவரது இடத்துக்கு வாலஸ் அய்க்ராய்ட் வந்தார். 1936 இல் இலண்டனில் மெக்காரிசன் நிகழ்த்திய கேண்டர் சொற்பொழிவுகளில்தான் குன்னூர் எலிகளின் வரலாறு பொதுமக்களுக்குப் பரவலாகத் தெரியவந்தது. 1945 இல் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தின் மருத்துவ மேற்படிப்புக்கு முதல் இயக்குநரானார். அவரது 75 ஆவது பிறந்த நாளையொட்டி 1953 இல் ஆய்வுக் கட்டுரைகள் தொகுக்கப்பட்டன. 1960 மே 18 அன்று காலமானார். அதே ஆண்டு டிசம்பரில் இந்தியாவில் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் விதிகள் 1998 இல் வந்தன. 187 நாட்கள் எலிகளைக் குறையுணவில் வைப்பது போன்ற சோதனைக்கு இப்போது நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற வேண்டும்.

குன்னூர் ஆய்வுக்கூடங்கள் 1958 இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டன. 1969 இல் அவை தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரைப் பெற்றன. 1976 முதல் ஆய்வக விலங்குகள் தகவல் பணியும் அந்நிறுவனத்தின் வளாகத்தில் இயங்கியது. நாடெங்கிலும் உள்ள ஆய்வகங்களுக்கு எலிகளும் சுண்டெலிகளும் முயல்களும் அங்கிருந்து அனுப்பப்பட்டன. கூண்டுகளைப் பராமரிக்கும் தொழில்நுட்பப் பணியாளர்களுக்கான பயிற்சி வகுப்புகளும் அங்கு நடத்தப்பட்டன.