கரையிருப்பிலிருந்து புறப்பட்டவர்

எங்கள் பாட்டி தம் கடைசி மாதங்களில் ஊருக்குப் போக வேண்டும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் தமிழ்நாட்டைச் சொல்கிறார் என்று எண்ணிக்கொண்டார். பாட்டி பிறந்தது பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். தமிழ்நாட்டை அவர் பார்த்ததே இல்லை. தோட்டத்துத் தேவாலயத்தில் வாழ்நாளெல்லாம் பாடியவர் எந்த ஊரைச் சொல்கிறார் என்பது எங்களுக்குத் தெரியும். முதலாமாண்டு மாணவனாக இருந்த எனக்கு அது பிடிக்கவில்லை. கட்டிலைச் சுற்றி நாங்கள் இத்தனை பேர் நிற்க, இவர் கிளம்புவதிலேயே குறியாக இருக்கிறாரே என்று கோபம் வந்தது.

அந்தப் பருவத்தில்தான் இடுபணிக்காக இரட்சணிய யாத்திரிகத்தை நூலகத்தில் எடுத்தேன். நூலைவிட அதை எழுதியவரே என்னைப் பிடித்துக்கொண்டார்.

எச். ஏ. கிருஷ்ண பிள்ளை 1827-இல் திருநெல்வேலிக்கு அருகிலுள்ள கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்தவர். கம்பராமாயணத்தில் ஊறியவர். 1853-இல் சாயர்புரத்தில் மிஷனரிமார் நடத்திய கல்விக்கூடத்தில் தமிழாசிரியரானார். தமிழ் கற்பிக்கத்தான் போனார். சமயம் மாறப் போகவில்லை. ஐந்தாண்டுகள் கழித்து, 1858-இல், சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். அக்கால நெல்லைச் சீமையில் அது விளையாட்டான காரியமன்று. உறவும் பந்தியும் ஒரே நாளில் அந்நியமாகிவிடும். ஹென்றி ஆல்பிரட் என்ற பெயர் முன்னே வந்து ஒட்டிக்கொண்டது. பின்னால் இருந்த கிருஷ்ணனை அவர் விட்டுவிடவில்லை, கம்பனையும் விடவில்லை.

இங்கிலாந்தில் ஜான் பனியன் என்பவர், பாத்திரங்களுக்கு ஓட்டை அடைக்கும் தொழில் செய்தவர், 1678-இல் ஒரு கதை வெளியிட்டார். அழியப்போகும் நகரிலிருந்து முதுகில் பாவச்சுமையோடு ஒருவன் அழியாத நகரை நோக்கி நடக்கிறான். கடைசியில் ஓர் ஆறு குறுக்கிடுகிறது, பாலம் இல்லை. அந்த உரைநடைக் கதையைத்தான் கிருஷ்ண பிள்ளை தமிழ்க் காப்பியமாக்கினார். நற்போதகம் இதழில் பல ஆண்டுகள் தொடராக வந்து, 1894-இல், அவருடைய 67-ஆம் வயதில், நூலானது. ஐந்து பருவங்கள், 3,700-க்கும் மேற்பட்ட பாடல்கள். சில இடங்களில் வருணனை நீண்டு பயணி நகரவே மாட்டேன் என்கிறான், அதை மறைப்பதற்கில்லை. இடையிடையே வரும் தேவாரப் பாடல்களில் மனம் கரைந்துவிடுகிறது. அவற்றைப் படித்தபின் கிறித்தவக் கம்பர் என்ற பட்டம் கூட எனக்குச் சற்றுக் குறைவாகவே பட்டது. கம்பர் பக்கம் மட்டுமா, தேவாரம் பாடியவர்கள் பக்கமும் அல்லவா நிற்கிறார்!

எனக்கு விளங்காதது ஒன்றுதான். இவ்வுலகம் ஒருநாள் தங்கிப் போகும் சத்திரம் என்று நம்பியவர், எதற்காக எதுகையும் மோனையும் பார்த்து இத்தனை ஆண்டுகள் செலவிட்டார்? போகிற ஊரில் விருத்தம் கேட்பார்களா? நூல் முடிந்த பிறகாவது ஓய்ந்தாரா என்றால் அதுவும் இல்லை. 1898-இல் இரட்சணிய சமய நிர்ணயம், 1899-இல் இரட்சணிய மனோகரம். 1900-இல் காலமானார். கிளம்பும் நேரம் நெருங்கியும் கையில் வேலை இருந்திருக்கிறது.

அந்த விடுமுறைக்கு வீடு திரும்பியபோதுதான் பாட்டியைச் சரியாகப் பார்த்தேன். தேவாலயப் பீடத்துக்கான விரிப்பு ஒன்று பாதிப் பூவேலையோடு மடியில் கிடந்தது. கண் தெரியாமல் ஊசியில் நூல் கோக்க என் தங்கையைக் கூப்பிடுவார். தையல் கோணினால் பிரித்துவிட்டு மறுபடி போடுவார். ஊருக்குப் போகும் பேச்சும் நிற்கவில்லை.

ஒரு மாலை, பயணி ஆற்றைக் கடக்கும் பகுதியை அவருக்கு வாசித்துக் காட்டினேன். பதம் பிரிக்கத் தெரியாமல் இரண்டு இடங்களில் திக்கினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டார் என்று நூலை மூடியபோது, கை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, பல்கலைக்கழகத்தில் சோறு ஒழுங்காகப் போடுகிறார்களா என்று கேட்டார்.