கோட்டைக் கல்லூரி கண்ட எல்லீசர்

ஆள வந்தவருக்கு மக்கள் மொழி தெரியாவிட்டால், துபாஷி சொன்னதே குடியானவன் முறையீடாகிவிடும். 1796-இல் சென்னை வந்த பிரான்சிசு ஒயிட் எல்லிசு இதை உணர்ந்தவர். கும்பினியின் இளம் அலுவலர்கள் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கற்க, 1812-இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி எழ முன்னின்றார். தேர்ச்சிக்கேற்பப் படிப்பணம் உயர்ந்தது. பணத்துக்காகப் படித்தவரும் இருந்திருப்பர். படித்தார்களே, அது போதாதா?

ஆசிரியர்களோ நம் நாட்டுப் புலவர்கள். அவர்களோடு பழகிய எல்லீசர் குறளுக்கு ஆங்கிலத்தில் உரை வரைந்தார். தென்மொழிகள் வடமொழியில் பிறந்தவை அல்ல, ஒரே குடும்பத்தவை என 1816-இல், கால்டுவெலுக்கு நாற்பது ஆண்டு முன்பே, காட்டினார். தமிழும் கன்னடமும் அன்றாடம் கேட்கும் பெங்களூர் மாணவர்க்கு இது எளிதாகத் தோன்றலாம். அன்று அதைச் சொல்லத் துணிவு வேண்டியிருந்தது.

1819-இல் இராமநாதபுரத்தில் தவறுதலாக நஞ்சுண்டு இறந்தார். அவர் எழுதிவைத்த ஏடுகளில் பெரும்பகுதி அச்சேறாமலே அழிந்தது.