செங்கோட்டைக் கிட்டப்பா

விடிய விடியக் கூத்தாடும் நாட்டிலே பிறந்தவர்களுக்குக் குரலின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. முல்லைத்தீவுப் பகுதியில் வழங்கிவரும் கோவலன் கூத்தைத் திறந்த வெளியிலே கண்டவர் அறிவர்: மத்தளத்தையும் தாளத்தையும் பிற்பாட்டையும் கடந்து, கடைக்கோடியிலே பாய் விரித்துப் படுத்திருக்கும் மூதாட்டியின் செவியிலும் சொல் தெளிவாக விழுதல் வேண்டும். ஒலிபெருக்கி தோன்றுமுன் மேடையேறியவர்க்கு இதுவே முதற்பாடம். தமிழகத்து இசைநாடக மேடையும் இதற்கு விலக்கன்று. அம்மேடையின் பொற்காலத்திலே, கொட்டகையின் கடைசித் தரையிலிருந்தவனையும் முதல் நாற்காலியிலிருந்த வித்துவானையும் ஒருங்கே கட்டிப் போட்ட குரல் ஒன்று உண்டு. அக்குரலுக்குரியவர் செங்கோட்டைக் கிட்டப்பா. அவர் வாழ்ந்தது இருபத்தேழே ஆண்டுகள்.

1906ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25ஆந் தேதி, கங்காதர ஐயருக்கும் மீனாட்சி அம்மாளுக்கும் மகனாகக் கிட்டப்பா பிறந்தார். இராமகிருஷ்ணன் என்பது இட்ட பெயர். கிட்டப்பா என்பது அழைத்த பெயர். நிலைத்தது அழைத்த பெயரே. செங்கோட்டை அந்நாளிலே திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்திருந்தது. 1956இலேதான் அது தமிழகத்தோடு இணைந்தது. குடும்பமோ பெரிது, வருவாயோ சிறிது. அக்காலத்திலே வறுமைப்பட்ட வீடுகளிலே குரல் வாய்த்த பிள்ளைக்கு ஒரு வழி திறந்திருந்தது. அது நாடகக் கம்பெனி. தமையன்மார் சென்ற அவ்வழியிலே கிட்டப்பாவும் சென்றார். அப்போது அவருக்குப் பள்ளியிலே அரிச்சுவடி தொடங்கும் வயதுதான்.

பாலர் நாடக சபைகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவற்றைக் கலைக்கூடங்கள் என்று போற்றி அமைவர். போற்றத்தக்க கூறுகள் அவற்றில் இருந்தன. சங்கரதாஸ் சுவாமிகளைப் போன்ற பெரும்புலவர் ஒருவரிடமிருந்து வள்ளி திருமணத்தையும் கோவலனையும் பவளக்கொடியையும் வாய்மொழியாகவே பாடங்கேட்கும் பேறு எத்தனை பேருக்குக் கிட்டும்? கிட்டப்பாவுக்கு அப்பேறு கிட்டியது. ஆயினும், முப்பது ஆண்டுகளாகச் சிறுவர்களுக்குப் பாடஞ்சொல்லி வரும் எனக்கு, அவ்வைந்து வயதுப் பாலகனை எளிதிலே கடந்து போதல் இயலவில்லை. இரவெல்லாம் விழிப்பு, பகலெல்லாம் ஒத்திகை, தாய் வேறூரிலே. கொட்டகை நிரம்பினால் நிறைந்த சோறு, நிரம்பாவிடின் அரைவயிறு. முறையான பள்ளிப்படிப்பு அவருக்கு வாய்க்கவேயில்லை. பிற்காலத்திலே அவர் வாழ்வைச் சிதைத்த பலவற்றுக்கும் வித்து இங்கேயே ஊன்றப்பட்டது என்பது என் எண்ணம்.

பின்னர் அவர் சென்னையிலே கன்னையாவின் நாடகக் கம்பெனியிலே சேர்ந்தார். காட்சிச் சோடனைகளாலே பேர்பெற்றது அக்கம்பெனி. அதன் தசாவதாரம் என்னும் நாடகத்தைக் காண மக்கள் திரள் திரளாக வந்தனர். முதலிலே சோடனையைக் காண வந்தவர்கள், பிறகு கிட்டப்பாவைக் கேட்க வந்தனர். இராமாவதாரப் பகுதியிலே அவர் பரதனாகத் தோன்றிப் பாடிய பாட்டுக்காகவே மீண்டும் மீண்டும் சீட்டு வாங்கியவர்கள் உண்டு. ஆர்மோனியத்திலே துணைநின்றவர் அவருடைய தமையனார் காசி ஐயர்.

அவர் இசையின் இயல்பை இங்கே சிறிது விரித்துரைத்தல் தகும். ஓர் ஆசானின் வீட்டிலே ஆண்டுக்கணக்கிற் குருகுலவாசஞ் செய்து பெற்ற சங்கீதமன்று அவருடையது. கேட்டுப் பெற்றது. கச்சேரிகளையும் நாதசுரத்தையும் செவியாலே பருகி, நாடகத்தின் தேவைக்கேற்ப வடித்துக் கொண்டது. மேற்சுருதியிலே, ஆண்குரல்கள் தடுமாறும் இடத்திலே, அவர் குரல் ஓய்வெடுத்துக் கொள்வதுபோல நிற்கும். பிருகாக்கள் மணிமணியாக உதிரும். ஆனால் சொல் சிதையாது. விருத்தம் பாடும்போது ஒரு சீரை எடுத்து, அதன் பொருளுக்கேற்ப இராகத்தை விரித்து, அடுத்த சீருக்கு நம்மை ஏங்க வைப்பார். யாப்புப் படித்த நம்மவர் பலருக்கும் இது கைவருவதில்லை. தியாகராச சுவாமிகளின் எவரனி என்னும் கீர்த்தனம் அருகி வழங்கும் தேவாமிர்தவர்ஷிணி இராகத்திலே அமைந்தது. அதனை இசைத்தட்டிலே பாடிச் சபையறியாத பாமரரும் முணுமுணுக்கச் செய்தவர் கிட்டப்பா. சங்கீத சபைகளின் படியிலே கால்வைக்கத் துணியாதவர்கள் நாடகக் கொட்டகையின் தரைச்சீட்டிலே அமர்ந்து அதே சங்கீதத்தைக் கேட்டனர். இக்காரியத்தை மேடையிலிருந்து அவரளவுக்குச் செய்தவர் அரியர்.

அவர் கதையிலே ஈழத்துக்கும் ஓர் இடமுண்டு. இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் முற்பகுதியிலே தமிழகத்து நாடகக் குழுக்கள் கடல்கடந்து வந்து கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் நாடகம் நடத்துவது வழக்கம். கொடுமுடியிலே 1908இல் பிறந்து, சிறுமியாயிருந்தபோது இரயில் வண்டிகளிலே பாடிப் பிழைத்து, பின்னர் நாடக மேடையேறிய சுந்தராம்பாள், 1926ஆம் ஆண்டளவிலே கொழும்பு மேடையிலே கொடிகட்டிப் பறந்தார். அவரோடு இணைந்து நடிக்கக் கிட்டப்பா அழைக்கப்பட்டார். அந்தப் பெண்ணின் குரலுக்கு முன்னே நிற்க முடியாது என்று கிட்டப்பாவை அச்சுறுத்தியவர்களும் இருந்தனராம். வள்ளியாகச் சுந்தராம்பாளும் வேலனாகக் கிட்டப்பாவும் மேடையிலே எதிரெதிர் நின்றனர். ஒருவர் எடுத்த சுருதியை மற்றவர் இறக்கவில்லை. ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் ஏறினார். போட்டியாகத் தொடங்கியது காதலாக முடிந்தது. 1927இல் இருவரும் மணந்தனர்.

கிட்டப்பாவுக்கு முன்னரே கிட்டம்மாள் என்னும் மனைவி இருந்தார் என்பதை இந்தக் காதற்கதையைச் சுவைத்துச் சொல்வோர் மெல்ல ஒதுக்கி விடுகின்றனர். ஒதுக்கத்தக்க செய்தியன்று அது. இரு பெண்கள் துன்புற்றனர். சுந்தராம்பாளுக்குப் பிறந்த குழந்தை சில நாட்களிலே இறந்தது. பிணக்கும் பிரிவும் நேர்ந்தன. அப்பிரிவுக் காலத்திலே சுந்தராம்பாள் எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் அச்சிலும் வந்துள்ளன. இலக்கணப் பிழை மலிந்தவையாயினும் அகத்திணை பயில்வோர் ஒருமுறை படித்தற்குரியன அவை. அவற்றிலே ஊடல் உண்டு, இரத்தல் உண்டு, தன்மானமும் உண்டு.

நாட்டு விடுதலை இயக்கத்திலே கிட்டப்பா ஈடுபாடு கொண்டிருந்தார், கதருடுத்தார், நாடகத்தினிடையே தேசியப் பாடல்களையும் பாடினார். புகழும் பொருளும் பெருகின. குடிப்பழக்கமும் பெருகியது. இரவுதோறும் உச்சக்குரலிலே பாடிக் களைத்த உடல் அதனைத் தாங்கவில்லை. 1933இலே திருவாரூரிலே நாடகம் நடக்கும்போதே மேடையில் மயங்கி விழுந்தார். அதன்பின் அவர் மீளவில்லை. அவ்வாண்டு டிசெம்பர் 2ஆந் தேதி அவர் உயிர் பிரிந்தது.

இருபத்தைந்து வயதிலே கைம்மையுற்ற சுந்தராம்பாள் வெள்ளுடை புனைந்தார். எந்த ஆடவனுக்கும் இணையாக இனி நடிப்பதில்லை என்று உறுதி பூண்டார். 1935இலே நந்தனாராகத் திரையிலே தோன்றியதும், 1953இலே ஒளவையாராகத் தோன்றியதும் அவ்வுறுதிக்கு மாறாகாமலே நிகழ்ந்தன. 1980இலே மறையும்வரை அந்நோன்பு நீடித்தது. அந்நோன்பின் பெருமையிலே கிட்டப்பாவின் இசை மறைந்து போய்விட்டதோ என்று சில வேளை ஐயுறுகின்றேன். கிட்டப்பா என்றால் சுந்தராம்பாளின் கணவர் என்று மாணவர் எழுதுகின்றனர். தவறில்லை, ஆனால் போதாது. எம்.கே. தியாகராஜ பாகவதரும் டி.ஆர். மகாலிங்கமும் அவர் போட்ட பாதையிலே நடந்தவர்களே. ஈழத்திலே அரிச்சந்திர மயான காண்டத்தைப் பாடி ஊரூராகக் கண்ணீர் சிந்த வைத்த நடிகமணி வைரமுத்து, அதே இசைநாடக மரபை இம்மண்ணிலே வேரூன்ற வைத்தவர்.

கிட்டப்பா பேசும்படத்திலே நடித்ததில்லை. தமிழ் பேசிய முதற்படமாகிய காளிதாஸ் 1931இலே வந்துவிட்டது. இரண்டாண்டுகள் இருந்தும் அவர் உருவம் அசைந்து பாடுவதைக் காணும் பேறு நமக்கில்லை. அவர் மறைந்து ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கழிந்து, 1935 யூன் 24ஆந் தேதி, டாங்கோ என்னும் ஆர்சென்டீன இசையின் தலைசிறந்த பாடகர் கார்லோஸ் கார்தெல் கொலம்பியாவிலே விமான விபத்தில் இறந்தார். அவரும் வறுமையிலே பிறந்தவர். அவர் குரலையும் இசைத்தட்டுத்தான் நாடெங்கும் கொண்டு சென்றது. ஆனால் அவர் பாடி நடித்த படங்கள் எஞ்சியுள்ளன. நமக்கு எஞ்சியவை தட்டுகளே. அந்நாளைத் தட்டின் ஒரு பக்கத்திலே மூன்று நிமிடத்துக்குச் சற்று மேலேதான் பாட இயலும். விடிய விடியப் பாடியவரை அச்சிமிழுக்குள்ளே அடைத்து வைத்திருக்கிறார்கள்.

எம்மூரிலே முதியவர் ஒருவர் கிட்டப்பாவின் தட்டுகள் சிலவற்றைத் துணியிலே சுற்றிப் பெட்டியிலே வைத்திருந்தார். 2009இன் இடப்பெயர்விலே அரிசியையும் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு ஓடியவர் பெட்டியைக் கைவிட்டார். திரும்பி வந்தபோது வீடும் இல்லை. இன்று அப்பாட்டுகளிற் பலவற்றைக் கைப்பேசியிலேயே கேட்கலாம். சென்ற தவணையிலே எட்டாம் வகுப்பு மாணவர்க்கு எவரனியைக் கேட்பித்தேன். கீறல் ஒலியைக் கேட்டு முதலிலே சிரித்தார்கள். குரல் மேலேறியதும் அடங்கினார்கள். பாட்டு முடிந்தபின் ஒரு சிறுவன் எழுந்து, அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலே படித்தவர் என்று கேட்டான்.